வெள்ளைக்கண்ணு சிரிக்க வேண்டும்

உங்கள் டோக்கன் இருபத்தாறா? எங்களுடையது இருபத்துமூன்று. இப்போது பத்தொன்பது போகிறது. உட்காருங்கள் அக்கா. அந்த ஓரம் வேண்டாம், பெஞ்சு ஆடும். இப்படி வாருங்கள்.

வீட்டுக்காரருக்கா? கையா. வாதத்தில் விழுந்த கை சீக்கிரம் வந்துவிடும் என்கிறார்கள். எங்கள் அப்பாவுக்குக் கையும் வந்துவிட்டது, காலும் வந்துவிட்டது. வாய்தான் பாக்கி. அதோ, சுவரோரமாக வெள்ளைச் சட்டையில் இருக்கிறாரே, அவர்தான். ஆஸ்பத்திரிக்கு எதற்கு இஸ்திரி போட்ட சட்டை, விபூதி, படிய வாரின தலை என்று பார்க்கிறீர்களா? எல்லாரும்தான் பார்க்கிறார்கள். காரணம் இருக்கிறது.

மணி என்ன அக்கா? பத்து இருபதா. என் ஃபோனிலும் அதேதான். பார்க்காமல் இருக்க முடியவில்லை, அதனால் கேட்டேன். பன்னிரண்டு மணிக்குள் அவர் ஒரு தடவை சிரிக்க வேண்டும். ஒரே ஒரு தடவை.

மெதுவாகத்தான் பேசுகிறேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

உங்களுக்குக் கூடு தெரியுமா? பறவைக் கூடு இல்லை. ஃபோனில் இருக்கிறது. அதில் எழுத்துவேலை கிடைக்கும். கணினி எழுதின தமிழ் சரியா தப்பா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். முதலாளி கிடையாது. ஆபீஸ் கிடையாது. போய் நின்று அழ ஒரு வாசல்படி கிடையாது. கூட்டில் இருக்கிற எல்லார் கணினியிலும் ஒரே பதிவேடு ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் தன் இஷ்டத்துக்கு ஒரு எழுத்தை மாற்றினால் மற்றவர்கள் கணினி ஒத்துக்கொள்ளாது. அதனால் அங்கே யாரையும் நம்பத் தேவையில்லை, யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும். படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தாலுகா ஆபீசில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு நான் எத்தனை நாள் நின்றேன் தெரியுமா? யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்.

அதில் பெயர் இருந்தால்தான் வேலை. தமிழுக்கு மொத்தம் பன்னிரண்டாயிரம் பெயர். அவ்வளவுதான். ஏன் பன்னிரண்டாயிரம், பதின்மூன்றாயிரம் ஆனால் என்ன கெட்டுப்போகும் என்றால், ஒன்றும் கெட்டுப்போகாது. கணினியில் இடமில்லாமல் இல்லை. ஒரு பெயருக்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஒரே ஆள் நூறு பெயரில் வந்து ஏமாற்றக் கூடாது என்று ஆரம்பித்தவர்கள் அப்படி வைத்தார்களாம். அப்புறம், குறைவாக இருந்தால்தான் பெயருக்கு மதிப்பாம். ஒரு முகத்துக்கு ஒரு பெயர். ஒரு ஃபோனுக்கு ஒரு பெயர். வைத்த பெயரை மாற்ற முடியாது, இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

நான் கல்லூரிக் கடைசி வருஷம். பி.ஏ. தமிழ். எங்கள் வம்சத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். சீனியர் அக்கா ஒருவர் மூலமாக அழைப்பு வந்தது. திறந்தால் 'பெயர்' என்று ஒரு கட்டம். பக்கத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "மொதமொதல்ல ஆரம்பிக்கிற. ஒங்கப்பா பேர்லயே போடு தாயி, அவருக்குக் கைராசி" என்றார்.

நீங்களே சொல்லுங்கள் அக்கா, உங்கள் வீட்டில் கேஸ் யார் பெயரில்? பார்த்தீர்களா. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கேஸ் அவர் பெயர், கரண்ட் அவர் பெயர், என் சைக்கிள் பில்லில்கூட அவர் பெயர். அது யோசித்துச் செய்கிற விஷயமே இல்லை. அதுவும் அப்பா மாட்டுத் தரகர். மணப்பாறைப் பக்கம் போய் வெள்ளைக்கண்ணு என்று கேட்டுப்பாருங்கள். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இரண்டு பேருக்கும் அப்பா முகம் தெரியும். அந்த முகத்துக்குத்தான் கயிறு கைமாறும்.

போட்டுவிட்டேன். வெள்ளைக்கண்ணு. அப்பா முகத்தைப் பிடித்து அதில் ஏற்றினேன். அடுத்த மாதம் எனக்குத் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், இரண்டாவது சிலிண்டர் மாதிரி. பத்தொன்பது நாளில் பன்னிரண்டாயிரமும் முடிந்துவிட்டது.

பொய் இல்லை அக்கா அது. நான் பொய் சொன்னதில்லை. என் பெயர் ரேணுகாதான் என்று சொல்ல அங்கே ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். தினமும். ஒரு வேலையைக்கூடத் திருப்பி அனுப்பினதில்லை. ஒற்று விட்டுப்போயிருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். தமிழில் நன்றாக வேலை பார்க்கிறவர்கள் பட்டியலில் வெள்ளைக்கண்ணு நாற்பதாவது இடத்துக்கு வந்தார். குழுவில் எல்லாரும் "வெள்ளைக்கண்ணு அண்ணா, சந்தேகம்" என்று கேட்பார்கள். சிலர் ஐயா என்பார்கள். நானும் அண்ணா மாதிரியே பதில் போடுவேன். நன்றாக இருங்கள் தம்பி என்று என்னைவிட வயதில் பெரியவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

தொண்ணூறு நாளுக்கு ஒரு தடவை முகம் காட்ட வேண்டும். நேராகப் பாருங்கள், இடப்பக்கம் திரும்புங்கள், கண் சிமிட்டுங்கள், சிரியுங்கள் என்று திரையில் வரும். போட்டோவைக் காட்டி ஏமாற்றக் கூடாது இல்லையா, அதற்காக. அப்பாவுக்கு அது திருவிழா. குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசிக்கொண்டு வருவார். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்று திரையில் வருவதை வாசித்துச் சொல்வேன். முடிந்ததும், "கம்ப்யூட்டருக்கு ஆஜர் குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போவார். அங்கே போய்ப் பெருமையும் அடித்திருக்கிறார். "என்னய்யா கம்ப்யூட்டரு, இந்தக் காளைக்குப் பல்லு எத்தனைன்னு கேட்டுச் சொல்லு பாப்போம்" என்று கிண்டல் பண்ணுவார்களாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நிறையச் சிரிக்கிற ஆள் அக்கா.

இருபதா கூப்பிட்டார்கள்? இன்னும் மூன்று பேர்.

போன தடவை முகம் காட்டி எட்டாம் நாள் சந்தையில் விழுந்தார். ஒரு பசுவின் கயிற்றைப் பிடித்தபடியே. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வார்டில் பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "பயப்படாதம்மா, உயிருக்கு ஆபத்தில்ல, வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார். "எண்பத்திரண்டு நாளுக்குள்ள வாய் நேராயிடுமா சார்?" என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். "அது என்னம்மா கணக்கு, எண்பத்திரண்டு?" தொண்ணூறில் எட்டு போக மீதி அக்கா அது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா அதற்குக் கோபித்துக்கொண்டார் அக்கா. இன்று வரைக்கும் சரியாகப் பேசுவதில்லை. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பெயர் போனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? அப்பாவும் சந்தைக்குப் போக முடியாது. அடுத்த வேளையை நினைக்கிறவள் நான் ஒருத்திதானே?

அன்றிலிருந்து நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். கை கால் அம்மா பார்த்துக்கொள்வார். நான் முகம். கண்ணாடியை முன்னால் வைத்து, ஈ சொல்லுங்கப்பா, ஊ சொல்லுங்கப்பா. கன்னத்தை உப்பச் சொல்லி, ஸ்ட்ராவில் காற்று ஊதச் சொல்லி. காலையில் நூறு தடவை, சாயங்காலம் நூறு தடவை. அப்பாவுக்கு வாயோரம் எச்சில் வடியும், துடைத்துவிட்டு இன்னும் ஒரு தடவைப்பா என்பேன். ஒரு நாள்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை. இங்கே இருக்கிற சிஸ்டர், "பெத்தா இப்படி ஒரு பொண்ணப் பெக்கணும்யா" என்று அவரிடம் சொன்னார். அவர் அழுதுவிட்டார். வாதம் வந்தால் அப்படித்தான் சட்டென்று அழுகை வரும் என்று சிஸ்டர் சொன்னார். இருக்கும்.

நான் சிஸ்டரைத் திருத்தவில்லை. ஆனால் பொய்யும் சொல்லவில்லை.

ஏழு நாளைக்குள் மூன்று தடவை முயற்சி பண்ணலாம். இன்று ஏழாம் நாள், பன்னிரண்டு மணியோடு சரி. முதல் தடவை வீட்டில். எல்லாம் சரியாக வந்தது, சிரியுங்கள் என்று வந்ததும் அப்பா சிரித்தார். அவர் சிரித்தார்தான், ஆனால் முகத்தில் பாதிதான் சிரித்தது. 'இது வேறு முகம்' என்று வந்துவிட்டது. வேறு முகமாம். இரண்டாம் தடவை பக்கவாட்டில் நின்றுகொண்டு, அவர் சிரிக்கும்போது அந்த வாயோரத்தை என் ஒரு விரலால் லேசாக மேலே தூக்கிப் பிடித்தேன். 'ஒருவர் மட்டும் இருக்க வேண்டும்' என்று வந்தது. விரலைக்கூட ஆளாக எண்ணுகிறது அக்கா அது. என் கையை அதற்குத் தெரிந்தது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் குழுவில் எழுதினேன். எவ்வளவு யோசித்து எழுதினேன் தெரியுமா? வேலை பார்ப்பது நான், அப்பா இல்லை என்று உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம் என்று அன்றைக்கே பெயரை எடுத்துவிடுவார்கள். அதனால், 'எனக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது, முகம் மாறியிருக்கிறது, நோயாளிகளுக்கு மட்டும் விதியைத் தளர்த்த வேண்டும்' என்று எழுதினேன். பொய் இல்லையே. பெயர் வெள்ளைக்கண்ணு. வெள்ளைக்கண்ணுக்கு வாதம் வந்தது உண்மை.

ஓட்டெடுப்பு நடந்தது. கூட்டில் எல்லாம் ஓட்டுத்தான். தளர்த்தலாம் என்று முந்நூற்றுச் சொச்சம் பேர். கூடாது என்று எட்டாயிரம் பேர். ஒரு பெயர் காலியானால் பெயருக்காக வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்கு நல்லது, தளர்த்தினால் ஆளாளுக்கு நோய் என்று வருவார்கள், பெயரின் மதிப்பு போய்விடும். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒருவர் எழுதியிருந்தார்: 'வருத்தமாக இருக்கிறது வெள்ளைக்கண்ணு அண்ணா. ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அது விதி. விரைவில் குணமடையுங்கள்.'

அந்த நடு வாக்கியம் என்னுடையது அக்கா. போன வருஷம் நான் எழுதினது.

ஜெசிந்தா என்று ஒருத்தி, ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில். என்னைவிட நல்ல மார்க். அவள் அழைப்பைத் திறந்தபோது பன்னிரண்டாயிரமும் முடிந்திருந்தது. போன வருஷம், இன்னும் மூவாயிரம் பெயர் சேர்க்கலாமா என்று ஒரு ஓட்டெடுப்பு வந்தது. அவள் ஃபோன் பண்ணினாள். "ஏய் ரேணு, ஒன் கிட்ட ஓட்டு இருக்குல்ல? ஆமான்னு போடுடி. ஒங்கப்பாவுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சரிடி என்றேன். போடுகிறேன் என்ற அர்த்தத்தில் இல்லை. ஃபோனில் சரி சரி என்போமே, அப்படி.

கூடாது என்றுதான் போட்டேன். மூவாயிரம் பேர் புதிதாக வந்தால் ஒருவருக்குக் கிடைக்கிற வேலை குறையும். எங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அவள் அண்ணன் துபாயில் இருக்கிறான். அதோடு, ஏன் கூடாது என்று காரணமும் எழுதினேன். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அது விதி. ஆயிரம் பேருக்கு மேல் அதற்குக் கைதட்டல் போட்டார்கள். அந்த வாரம்தான் வெள்ளைக்கண்ணு நாற்பதாம் இடத்துக்கு வந்தார்.

அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆனால் அது வேறு, இது வேறு இல்லையா அக்கா? அவர்கள் வெளியே இருந்தார்கள். நான் உள்ளே இருப்பவள். இருக்கிறதைப் பறிப்பதும் இல்லாததைக் கொடுக்காமல் இருப்பதும் ஒன்றாகுமா?

யாருக்கு, உங்கள் மகளுக்கா? பி.காம். முடித்திருக்கிறாளா. அவளுக்குக் கூட்டில் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கிடைக்காது அக்கா. ஒரு பெயர் போனால்தான் ஒரு பெயர். வரிசை நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதில் முதலில் நிற்பது யார் என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நான் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது?

இருபத்துமூன்று! எங்களைத்தான். முகத்துக்குக் கரண்ட் வைப்பார்கள். வைத்த பிறகு அரை மணி நேரம் அந்தப் பக்கத்து முகம் கொஞ்சம் இளகி இருக்கும். சிஸ்டர் சொன்னார். அதனால்தான் மூன்றாம் தடவையை இங்கே வைத்துக்கொண்டேன். இந்தப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. வாங்கப்பா. சட்டை கசங்கிவிடும், மெதுவாக.

*

நல்லவேளை, நீங்கள் இன்னும் உள்ளே போகவில்லை. கரண்ட் மெஷின் ஒன்றுதான் ஓடுகிறதாம், அதனால் தாமதம். மணி பதினொன்று நாற்பது. போதும்.

உட்காருங்கப்பா. இங்க, ஜன்னல் பக்கம், வெளிச்சத்துல. உதட்டைப் பாருங்கள் அக்கா, இளகியிருக்கிறது, இல்லையா? உள்ளே படுத்திருந்தபோது தானாகவே ஈ, ஊ சொல்லிப் பார்த்துக்கொண்டாராம். சிஸ்டர் சொல்லிச் சிரித்தார்.

ஒரு உதவி செய்வீர்களா? இந்த ஃபோனைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்தால் என் விரல் மறுபடி அவர் வாயோரத்துக்குப் போய்விடும். நீங்கள் நேராகப் பிடித்தால் போதும், எதையும் தொட வேண்டாம். திரையில் என்ன வருகிறதோ அதை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். நான் படத்துக்குள் வரக் கூடாது. இந்தத் தூண் பக்கம் நின்றுகொள்கிறேன்.

அப்பா, அக்கா சொல்றதச் செய்யுங்கப்பா. சரியா?

நேராக. ஆமாம், பார்க்கிறார். பச்சை வந்ததா? வந்தது. இடப்பக்கம். நல்லா திரும்புங்கப்பா. பச்சையா? கண் சிமிட்டுவது அவருக்கு வரும், அது கஷ்டமில்லை. வந்துவிட்டதா? அப்படியானால் அடுத்தது அதுதான். சொல்லுங்கள் அக்கா. நீங்களே சொல்லுங்கள்.

அப்பா?

அங்க, அப்பா. அக்கா கையப் பாருங்க. என்னை இல்ல.

அக்கா, பாருங்கள், சிரிக்கிறார். இரண்டு பக்கமும் வருகிறது. அந்த வாயோரமும் ஏறியிருக்கிறது அக்கா, கண்ணெல்லாம் சுருங்கியிருக்கிறது, முன்னால் சிரிப்பாரே, அதே சிரிப்பு. ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எப்போதும் ஃபோனுக்குப் பின்னால் நான்தானே நிற்பேன். அவர் ஒரு நாளும் ஃபோனைப் பார்த்துச் சிரித்ததில்லை. எனக்கு இது தோன்றாமல் போயிற்றே.

'முகம் நேராக இல்லை'யா? அதைத் திருப்புங்கள் அக்கா, இந்தப் பக்கம், வேகமாக வேண்டாம், வட்டத்துக்குள் இருக்க வேண்டும். எத்தனை விநாடி காட்டுகிறது? அப்பா, அங்க பாருங்கப்பா. திரும்பச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்தாலும்... அப்பா, அக்காவப் பாருங்க. அப்படியே. அப்படியே சிரிச்சுக்கிட்டு.

நேரம் போய்விட்டதா?

சிவப்பில் என்ன எழுதியிருக்கிறது? வேண்டாம், வாசிக்க வேண்டாம், அவர் காதில் விழும். அந்தப் பொடி எழுத்து அவருக்குத் தெரியாது. ஃபோனைக் கவிழ்த்து வையுங்கள். இன்னும் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறார். ஏதோ கேட்கிறார், பேச்சு உங்களுக்குப் புரியாது. "ஆஜர் ஆயிருச்சா தாயி" என்று கேட்கிறார்.

காதை இப்படிக் கொடுங்கள். ஆயிருச்சு என்று நீங்கள் சொல்லுங்கள் அக்கா. உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறார், நீங்கள் சொன்னால் நம்புவார். என்னால் முடியாது. நான் பொய் சொன்னதே இல்லை.